செல்வின் ஆக்டன் திட்டிய முட்டாள்

ராய்ட்டன் ஊரில் செங்கல் சுவரில் ஓதம் கண்டால் செல்வின் ஆக்டனைத்தான் கூப்பிடுவார்கள். வேலை சுத்தமான வேலை. வாய்தான் அசுத்தம். நாலு கரண்டி சர்க்கரை போட்ட டீயை வாங்கிக்கொண்டு, தனக்கு முன்னால் அந்தச் சுவரைத் தொட்டவனின் வம்சத்தையே இழுத்துத் திட்டிவிட்டுத்தான் ஏணியை எடுப்பார். கொத்தனார்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான், இவருக்கு முற்றிவிட்டது.

அவருடைய ஜென்ம விரோதி சிமென்ட். நாற்பத்தைந்து வயதுவரை அதை மூட்டை மூட்டையாகக் கரைத்தவர்தான். பிறகு பழைய தேவாலயம் ஒன்றில் வேலை பார்த்தபோது, சுண்ணாம்புக் கலவைதான் சுவருக்குள் போன ஈரத்தை வெளியே விடும் என்று தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து, குடியை விட்டவன் சாராயக்கடையைத் திட்டுவதுபோல் சிமென்டைத் திட்டினார். இரண்டு மனைவிகளும் இதைக் கேட்டுக் கேட்டே ஓடிப்போனார்கள் என்று பேச்சு. இரண்டாமவர் சிமென்ட் வியாபாரியோடு போனார் என்பது மட்டும் வதந்தி.

இந்த ஏப்ரலில் மியூரியல் டாட்டர்சால் கூப்பிட்டார். வரிசை வீடுகளில் கடைசி வீடு. மழை எல்லாம் மேற்குச் சுவரில்தான் வந்து அறையும். மாடியில் குளியலறைச் சுவர் பூஞ்சை பிடித்துக் கறுத்திருந்தது.

"எல்லாம் இந்த ஆளாலதான்," என்று கணவர் வில்ஃபைக் காட்டினார் மியூரியல். "கொதிக்கக் கொதிக்கத் தொட்டியில கெடப்பாரு. ஆவியிலயே செவுரு ஊறிப்போச்சு. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி வேலை பாத்த கொத்தன், பேரு மறந்துபோச்சு, அவனே சொன்னான். அன்னையிலேர்ந்து ஜன்னல் தொறந்துதான் இருக்கும். வெதுவெதுன்னு தண்ணி, பத்து நிமிஷம். அவ்வளவுதான்."

வில்ஃப் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டி இடுப்பு போச்சு தம்பி. சுடுதண்ணிதானே கேட்டேன், வேற பொம்பளையவா கேட்டேன்?"

"நீ வாயை மூடு வில்ஃப்."

செல்வின் கூரைத் தண்ணீர்க் குழாயைப் பார்த்தார், ஒழுகல் இல்லை. சுவரடியில் ஈரம் ஏறும்படி மண் குவியவில்லை. படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால் அங்கேயும் மேற்குச் சுவர் மட்டும் நசநசவென்றிருந்தது. அங்கே யார் குளித்தார்கள்? ஏணியில் ஏறினார். செங்கல் இடுக்கெல்லாம் சிமென்ட், கல்லாக இறுகியிருந்தது. செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"கீறல் வழியா மழை உள்ள போகுது கண்ணு, திரும்பி வர வழியில்ல! எந்த முட்டாப்பய பாத்த வேலை இது? கழுதை கையில கரணையக் குடுத்தாக்கூட இதவிட நல்லா பூசும்!"

"நல்லா கேளுங்க!" என்று கீழிருந்து மியூரியல் ஏற்றிவிட்டார்.

செல்வின் இன்னும் இரண்டு படி ஏறினார். கூரைக்குக் கீழே, அன்றைய ஈர சிமென்டில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள் இருந்தன. அவர் பெயரின் முதலெழுத்துகள்தான். பக்கத்தில் இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய வருஷமும் இருந்தது.

அப்போது அவருக்குச் செம்பட்டைத் தாடி. மறு குளிர்காலத்தில் ஓதம் என்று கூப்பிட்டார்கள். ஃபுட்பால் மேட்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பழியை யார் தலையிலாவது கட்ட வேண்டும். தொட்டியில் கிடந்தவர் தலை கைக்கு எட்டியது.

மெதுவாக இறங்கினார். தாடியும் போய் முடியும் போயிருந்தது, யாருக்குத் தெரியப்போகிறது? "ஆவி இல்ல கண்ணு. சிமென்ட்டுதான். கொத்தி எடுத்துட்டுச் சுண்ணாம்பு அடைச்சா ஒரு வருஷத்துல காஞ்சிரும். வில்ஃப் இஷ்டம்போல குளிக்கட்டும்."

"அது நீங்க சொல்றது. அந்தத் தாடிக்காரன் நேர்ல பாத்துச் சொன்னான். அவனே வந்து இல்லேன்னு சொல்லட்டும், நம்புறேன்."

வில்ஃப் உள்ளங்கைகளை ஊதிக்கொண்டிருந்தார். செல்வின் அந்தக் கைகளைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் ஊரே சிரிக்கும். இதே தெருவில் இன்னும் நாலு சுவர் அவர் பூசியது.

"வந்துட்டான்," என்றார். "அந்தத் தாடிக்காரன் நான்தான். கழுதையும் நான்தான். மேட்சுக்குப் போற அவசரத்துல வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வில்ஃப் மேல ஒரு தப்பும் கெடையாது."

மியூரியல் அவர் முகத்தில் தாடியை ஒட்டவைத்துப் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தார். பிறகு, அவர் குடித்துவிட்டுத் திட்டில் வைத்திருந்த மீதி டீயை எடுத்து அவர் கண்ணெதிரே மண்ணில் கொட்டினார். அந்த ஊரில் அதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

வில்ஃப் இந்த நாளுக்காக இருபத்தாறு வருஷமாகப் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு மேல் ஸ்வெட்டரைக் கழற்றத் தொடங்கினார். மியூரியல் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

செல்வின் உளியோடு ஏணியில் ஏறினார். அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது. மாடியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக ஆவி வந்தது.

"ரொம்பச் சுடுது வில்ஃப். பாத்து எறங்கு." தண்ணீர் சலசலத்தது. "என்னை மன்னிச்சிருப்பா. கொஞ்சம் பச்சத்தண்ணி விடட்டா?"

"வேணாம்," என்றார் வில்ஃப். "சுடட்டும்."