திரும்பி வரும்போது மட்டும் கேட்ட சத்தம்

போன வருஷம் ஐப்பசி மழையில் ஆரம்பித்த கதை இது. நான் சங்கரன்கோவிலில் மாட்டுத்தீவன மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய், திருவேங்கடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இறக்குகிறவன். என் பிக்கப் வண்டி என் கல்யாணத்துக்கும் முந்தியது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி, மூட்டை ஏற்றினால் பின்புறம் தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்துவிடும். மழை பெய்துவிட்டால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும்; வண்டியின் அடிவயிறு மண்ணிலேயே படுத்துவிடும். ஒரே வாரத்தில் மூன்று தடவை டிராக்டர் வைத்து இழுக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது தடவை டிராக்டர்காரர் கயிற்றை அவிழ்க்காமலே, "இங்கனயே கெடக்கட்டும் வே, நாளைக்கும் வேணும்லா" என்று சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

மறுநாளே ராஜபாளையம் ரோட்டில் ஒரு பட்டறைக்குப் போய், பின்பக்கம் இரண்டு பட்டைகளைக் கூடுதலாகப் போட்டு வண்டியை நாலு விரல் உயர்த்தினேன். இதை என் மச்சினனிடம் நான் சொல்லவில்லை. என் மனைவியின் தம்பியான அவன் திருவேங்கடம் ரோட்டில் சொந்தமாக மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறான். அவனை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போனது தெரிந்தால் வருத்தப்படுவானே என்று மறைத்துவிட்டேன். அந்த வாரத்திலேயே பழைய ஷாக் அப்சர்பர்கள் எண்ணெய் கசிய ஆரம்பித்தன. அதற்கு மட்டும், மூட்டையோடு போகிற வழியில் அவனிடம் போனேன். புதிதாக இரண்டு மாட்டிக் கொடுத்தான்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். கொஞ்ச தூரம் போனால் இன்னொரு 'டங்'. யாரோ வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சுத்தியலால் தட்டிக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது.

மறுநாள் காலை மூட்டை ஏற்றிக்கொண்டு போகிற வழியில் மச்சினனின் பட்டறையில் நிறுத்தினேன். அவன் வண்டியை ஓட்டிப் பார்த்தான். சத்தமே இல்லை. திருவேங்கடம் போய்த் திரும்பினேன். டங், டங். வரும்போது அடுத்த லோடு ஏற்றுகிற அவசரத்தில் அவன் பட்டறையில் நிற்க மாட்டேன். இப்படியே நாலு தடவை நடந்தது. அவனும் பாவம், ரப்பர் புஷ்களை மாற்றினான், போல்ட்டுகளை முறுக்கினான், கடைசியில் ஷாக் அப்சர்பர்களையே கழற்றிவிட்டு வேறு ஜோடி மாட்டினான். நான் ஸ்டெப்னி டயரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டினேன். டூல்ஸ் பெட்டியைத் துணியில் சுற்றி வைத்தேன். ரோட்டில் நான் திரும்பி வருகிற பக்கம்தான் மோசம் என்றுகூட முடிவு செய்து, பஞ்சாயத்தில் மனு கொடுக்கலாமா என்று யோசித்தேன்.

ஐந்தாவது தடவை போனபோது மச்சினன் மற்ற டிரைவர்களுக்கு முன்னால், "அத்தான், வண்டிக்கு ஒண்ணும் இல்ல. ஒங்க காதுலதான் என்னமோ இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"பழைய ஷாக்குக்குப் பெயிண்ட் அடிச்சு மாட்டிட்டு, என்னயவா நக்கல் பண்ணுத?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "இனிமே வண்டிய இங்கன கொண்டாராதீங்க" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

சண்டை பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அதன் விளைவு பெரிது. தை மாதம் எங்கள் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். இருப்பது ஒரே தாய்மாமன். பெரியவர்கள் சிலர் சமாதானம் பேசப் போனார்கள். "என்னயக் கள்ளன்னு சொன்னவரு வீட்டுக்கு எப்படி வாரது?" என்று கேட்டிருக்கிறான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. அவன் யாரையும் ஏமாற்றாதவன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இறங்கிப் போகத்தான் மனம் வரவில்லை. சத்தமோ தினமும் கேட்டுக்கொண்டே இருந்தது.

என் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: "எந் தம்பி மடி இல்லன்னா காதே குத்த வேண்டாம். புள்ள மொட்டக் காதோட வளரட்டும்."

மார்கழியில் ஒரு நாள் மதியம், மூட்டைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியில் வந்துகொண்டிருந்தேன். ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்ற பெண் கையைக் காட்டினார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"அண்ணாச்சி, ரெண்டு மணிக்குத் தறிக்குப் போயிரணும். பஸ்ஸ இன்னும் காங்கல. டவுன்ல எறக்கி விட்டுருதியளா?"

ஏற்றிக்கொண்டேன். பதினெட்டு வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறாராம். கொஞ்ச தூரத்தில் சத்தம் ஆரம்பித்தது. "வண்டி பழசும்மா" என்றேன் கூச்சத்தோடு. அவர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். நாலைந்து பள்ளம் தாண்டியதும் சொன்னார்: "இது பள்ளத்துல விழும்போது கேக்கல அண்ணாச்சி. விழுந்து எந்திரிக்கும்போதுல்லா கேக்கு."

இத்தனை நாள் நானும் அந்தச் சத்தத்தோடுதான் இருந்தேன். ஒருநாளும் இதைக் கவனித்ததில்லை. அடுத்த வேகத்தடையில் வேகத்தைக் குறைத்து ஏற்றினேன். பின் சக்கரம் ஏறி இறங்கியது, சத்தமில்லை. அமுங்கிய பின்பக்கம் மேலே எழும்பியபோது, டங்!

"மூட்ட ஏத்தியிருந்தாலும் கேக்குமா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். போகும்போது மூட்டை உண்டு, சத்தமில்லை. வரும்போது மூட்டையில்லை, சத்தம் உண்டு. மச்சினனிடம் காட்டியதெல்லாம் மூட்டையோடு போகும்போது மட்டும். இதற்குப் போய் ரோட்டின் மேல் பழி போட்டிருக்கிறேன்.

"அப்பம் காலியாக் கொண்டு போயிக் காட்டுங்க. தறிய நிறுத்திப்போட்டுப் பாத்தா கோளாறு தெரியாது. அது ஓடுத மாதிரியே ஓடவிட்டுப் பாக்கணும்" என்று சொன்னார். தறிக்கூடத்துக்குப் பக்கத்தில் இறங்கி, நேரமாகிவிட்டது என்று ஓட்டமாகப் போய்விட்டார்.

நான் வீட்டுக்குப் போகாமல் வண்டியைத் திருப்பி, நேரே மச்சினனின் பட்டறை வாசலில் நிறுத்தினேன். என்னைப் பார்த்ததும் அவன் குனிந்து வேலையைத் தொடர்ந்தான்.

"மாப்ள, வண்டி இன்னைக்குக் காலியா வந்திருக்கு. ஒரு தடவ அடியில பாரேன்."

என் முகத்துக்காக அவன் வந்திருக்க மாட்டான். 'காலியா' என்ற வார்த்தைதான் அவனை இழுத்தது. ஸ்பேனரோடு நிமிர்ந்தான், வண்டியின் பின்பக்கத்தையே உற்றுப் பார்த்தான், பிறகு சாக்கை விரித்து அடியில் நுழைந்தான்.

"அத்தான், நீங்களும் உள்ள வாங்க."

நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் போய்ப் படுத்தேன். அவன் கைகாட்டினான். ஷாக் அப்சர்பர் தன் முழு நீளத்துக்கும் இழுபட்டு விறைத்து நின்றது. இனி ஒரு நூல்கூட நீளாது. வண்டி காலியாக இருக்கும்போது, கூடுதல் பட்டைகள் பின்பக்கத்தை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிவிடுகின்றன. வண்டி துள்ளும்போதெல்லாம் ஷாக் அப்சர்பர் மேலும் நீள இடமில்லாமல் 'டங்' என்று இடிக்கிறது. மூட்டை ஏற்றினால் வண்டி இறங்கிவிடும், எல்லாம் சரியாகிவிடும்.

"பட்ட கூடப் போட்டத எங்கிட்ட சொல்லவே இல்லயே?" என்றான்.

"வேற பட்டறைக்குப் போனேன். நீ வருத்தப்படுவியோன்னு மறச்சிட்டேன். நீ சரியாத்தான் மாட்டியிருக்க மாப்ள. நான்தான் வாயில வந்ததப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

"நானும் மாடல் நம்பரப் பாத்து மாட்டுனேனே ஒழிய, டேப்ப வச்சு அளக்கல. வந்த சத்தத்த வரலன்னு வேற சொல்லிட்டேன்."

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு சொட்டு எண்ணெய் சரியாக என் நெற்றியில் விழுந்தது. அவன் சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. வண்டிக்கு அடியில் கிடந்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், பக்கத்து டீக்கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஒரு பட்டையைக் கழற்றினான். ஜாக்கி வைத்து, சக்கரம் தொங்கும்படி வண்டியைத் தூக்கி ஒரு அளவு எடுத்தான். மூட்டை ஏற்றி இன்னொரு அளவு எடுத்தான். இரண்டுக்கும் பொருந்துகிற நீளமான ஷாக் அப்சர்பரைத் தேடி, தென்காசி வரை போய் வாங்கி வந்தோம். மாட்டியதும் காலி வண்டியை ஒரே வேகத்தடையில் ஏழு தடவை ஏற்றி இறக்கினான். ஏழு தடவையும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சந்தோஷம் தாங்காமல் மனைவிக்குப் போன் செய்து, "சத்தம் போயிட்டு!" என்றேன். "சத்தம் கெடக்கட்டும். அவன் காதுகுத்துக்கு வாரானா?" என்றாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மச்சினன் போனை வாங்கி, "மொத ஆளா வாரேன்க்கா" என்றான். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

தறிக்காரப் பெண்ணின் பெயரை நான் கேட்டிருக்கவில்லை. அவர் இறங்கிய இடத்தை வைத்து நானும் மனைவியும் தேடிப் போனோம். மூன்றாவது தறிக்கூடத்தில் இருந்தார். உள்ளே காதே அடைத்துவிடுகிற இரைச்சல். அவரை வெளியே அழைத்து விஷயத்தைச் சொன்னதும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இதுக்கா என்னயத் தேடி வந்திய?" என்று கேட்டார். காதுகுத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தோம்.

அவர் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். என் மகள் மாமன் மடியில் உட்கார்ந்து, ஊசி காதைத் தொடுவதற்கு முன்பே அலறி, அவன் மீசையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பிள்ளையைவிட மாமன்தான் அதிகம் கத்தினான். மண்டபமே சிரித்தது. என் மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள்.

இன்றைக்கும் யாராவது ஒரு குறையைச் சொல்லி, அது எனக்குத் தெரியாமல் போனால், 'எல்லாம் உன் மனப்பிரமை' என்று நான் சொல்வதில்லை. 'அது எப்போது வருகிறது?' என்று முதலில் கேட்கிறேன். அந்த ஒரு கேள்வி எத்தனை உறவுகளைக் காப்பாற்றும் என்று நினைக்கும்போது, பஸ் வராமல் போன அந்த மதியத்துக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.