மொட்டை மாடித் திருகாணி

சாலிடரிங் இரும்பின் முனையை ஈரப் பஞ்சில் ஒற்றி எடுத்த கை, சர்க்யூட் பலகையின் மூலையில் இருந்த பொத்தான் அளவு பேட்டரியைத் தொட்டது. ஈயம் உருகிப் பளபளத்தது. மறு கை இடுக்கியால் பேட்டரியைத் தூக்கி எறிந்தது. உப்பு பூத்துப் பச்சை படிந்த அது மேசையில் உருண்டு விளிம்பில் நின்றது. புதியதை அதே இடத்தில் வைத்து ஈயத்தால் பற்ற வைத்தன அந்தக் கைகள். பக்கத்தில் நின்ற நாத்தனார் அவசரப்படுத்தினாள்.

"சீக்கிரம் அண்ணி. அண்ணன் அங்க என்ன பாடுபடுதோ."

அந்த அண்ணன்தான் மேசையில் குனிந்திருந்தவளின் கணவர். காலையில் மீன்பிடிக்கப் போனவரின் படகில் இன்ஜின் நின்றுவிட்டது. துறைமுக வாய்க்கு வெளியே, எதிரில் நிற்பவர் முகமே தெரியாத மூடுபனிக்குள், அவரும் ஒரு கூட்டாளியும் நங்கூரம் போட்டுக் காத்திருந்தார்கள். நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டது. அது இழுபடும் திசையில் நீருக்கடியில் ஒரு பாறைத்தொடர். மீட்புப் படகு பக்கத்துத் துறையிலிருந்து பனியில் ஊர்ந்து வர வேண்டும். கரையில் இருந்தது ஒரே ஒரு படகு. அதன் ஜி.பி.எஸ். பெட்டிதான் இப்போது வயிறு திறந்து மேசைமேல் கிடந்தது.

படகுக்காரர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். தன் சின்னப் படகை "என் கப்பல், என் கப்பல்" என்றே சொல்லிச் சொல்லி, ஊரில் அவருக்கே கப்பல் என்று பெயர் விழுந்துவிட்டது.

"போன்லயே வழி பாத்துப் போனா என்ன?" என்றாள் நாத்தனார்.

"நனைஞ்ச விரலை அது மதிக்காதும்மா," என்றார் கப்பல். "தேய் தேய்னு தேச்சுக்கிட்டே போயி நானும் பாறை மேல ஏறி உக்காரவா?"

அலமாரி மேலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. கணவரின் குரல். "என்ன, முடிஞ்சுதா? இன்னும் இழுக்குது."

அவள் ஒரு கையால் மைக்கை எடுத்தாள். "முடிச்சுக்கிட்டே இருக்கேன். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கீங்கல்ல?"

"போட்டாச்சு. ரொம்ப இறுக்குது. போன வருஷம் வாங்குனது."

"ஜாக்கெட் சுருங்கல, நீங்கதான் பெருத்துட்டீங்க. இருக்கிற இடத்தைத் திரும்பச் சொல்லுங்க."

அவர் தன் பெட்டியின் எண்களைப் படித்தார். அவள் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து, மேசைப் பலகையிலேயே சாக்பீஸால் எழுதிக்கொண்டாள்.

ஊரில் அவளை ஆன்டெனா என்பார்கள். முதலில் டி.வி. ரிப்பேர்தான் பார்த்தாள். படகுகளில் ஜி.பி.எஸ். வந்தபோது, பழுதாகித் தூக்கிப் போட்டவற்றைக் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தாள். பால் வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று காட்டும் கருவியும், பள்ளிப் பேருந்தின் கருவியும், ஆம்புலன்ஸில் வழி காட்டும் திரையும் அவளிடம்தான் வரும். எதுவானாலும் உள்ளே நடப்பது ஒரே கணக்கு. மேலே சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளும், "நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல் வந்து சேரப் பிடித்த நேரத்தை வைத்து, அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பெட்டி கணக்கிடுகிறது. மூன்று தொலைவுகள் தெரிந்தால் இடம் பிடிபடும். ஆனால் பெட்டியின் கடிகாரம் மலிவானது. அதன் பிசகைத் திருத்த நாலாவதாக ஒரு கோள் வேண்டும். இத்தனைக்கும் பேசுவது கோள்கள் மட்டுமே. பெட்டி பதிலுக்கு ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மூடியைத் திருகி முடித்தாள். "அண்ணே, இதையும் அந்தப் பெரிய பேட்டரியையும் மாடிக்குத் தூக்கிட்டுப் போங்க. நான் ஆன்டெனா ஒயரைக் கொண்டு வரேன்."

கப்பல் இரண்டிரண்டு படியாக ஏறினார். அவள் மேலே வருவதற்குள் பெட்டியை ஆன் பண்ணியும் வைத்திருந்தார்.

மொட்டை மாடித் தரையில் ஒரு பித்தளைத் திருகாணி பதித்திருந்தது. பழுது பார்த்த எந்தப் பெட்டியும் அதன்மேல் உட்கார்ந்து எழுந்த பிறகே வீடு போகும். பல வருஷமாக எத்தனையோ பெட்டிகள் அங்கே காட்டிய எண்களின் சராசரியைக் கைப்பிடிச் சுவரில் பெயின்ட்டால் எழுதியிருந்தாள்.

ஆன்டெனாவைத் திருகாணிமேல் வைத்தாள். திரையில் ஒவ்வொரு கோளின் சிக்னலையும் காட்டும் பட்டைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன.

"ஒண்ணையும் காணோமே! பனி மறைக்குதா?" என்றாள் நாத்தனார்.

"பனி அதுக்குத் தடையே இல்ல. கூரைதான் ஆகாது. பழைய பேட்டரியோட இதுக்கு நேரம், கோள் எங்க இருக்குங்கிறது எல்லாம் மறந்துபோச்சு. ஒவ்வொண்ணாத் தேடணும். யாரும் நகத்தாதீங்க."

கீழே வயர்லெஸ் ஏதோ கத்தியது. நாத்தனார் படியிறங்கி ஓடினாள். கப்பல் வானத்தைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக உலாத்தினார். ஒரு பட்டை எழும்பியது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல். திரையில் எண்கள் குதித்து விழுந்தன.

"வந்துருச்சு! எடு தங்கச்சி, போலாம்!" கப்பல் குனிந்து பெட்டியைப் பிடித்தார்.

"கையை எடுங்க அண்ணே."

நாத்தனார் மூச்சிரைக்க மேலே வந்தாள். "அலை பாறையில அடிக்கிற சத்தம் கேக்குதாம் அண்ணி! வேலை செய்யுதுல்ல, குடுத்து விடுங்க. கட்டுன புருஷன்தானே, ஊரான் வீட்டு ஆளா?"

அவள் திரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். எண்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. அடங்கட்டும் என்று காத்தாள். அடங்கின. கடைசி இலக்கம் மாறியிருந்தால் விட்டிருப்பாள். பாகைக்கு அடுத்த நிமிட எண்ணில், தசமப் புள்ளியை அடுத்த முதல் இலக்கமே வேறாக இருந்தது. இந்தத் திருகாணியை இருநூறு மீட்டருக்கு அப்பால் தூக்கி வைத்திருந்தது பெட்டி. துறைமுக வாயின் அகலம் அதில் பாதிகூட இல்லை.

"இதை ஆன் பண்ணப்போ ஏதாவது கேட்டுச்சா?"

கப்பல் விழித்தார். "என்னென்னவோ கேட்டுச்சு. பாஷை கேட்டுச்சு. மேப்பு, அது இதுன்னு வரிசையா வந்துச்சு. நேரமாகுதேன்னு எல்லாத்துக்கும் ஓகே குடுத்துட்டேன்."

"உங்களைக் கேட்டா எதுக்குத்தான் ஓகே சொல்ல மாட்டீங்க!"

தேர்வுப் பட்டியலைத் திறந்தாள். நினைத்தது சரி. உலகத்தை ஒவ்வொரு காலத்து வரைபடக்காரர்களும் ஒவ்வொரு விதமாக அளந்திருக்கிறார்கள். அளவை மாறினால் அதே இடத்துக்கு எண் மாறும். கப்பலின் ஓகே ஏதோ பழைய காகித வரைபடத்தின் அளவையைத் தேர்ந்தெடுத்திருந்தது. கணவர் படித்த எண்களோ இப்போது எல்லாப் படகிலும் உள்ள அளவையைச் சேர்ந்தவை. அவள் மாற்றினாள். திரை ஒரு முறை இமைத்தது. சுவரில் இருந்த எண்ணும் திரையின் எண்ணும், கடைசி இலக்கம் தவிர, ஒன்றாயின.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீழே இறங்கி, கடைச்சுவரில் எழுதியிருந்த துறைமுக வாயின் குறிகளை வரிசையாக ஏற்றினாள். கடைசியாகச் சாக்பீஸ் எண்கள். ஏற்றிய ஒவ்வொன்றையும் நாத்தனாரை உரக்கப் படிக்கச் சொல்லி ஒப்பிட்டாள். ஓர் எண்ணை அழித்துத் திரும்ப அடித்தாள்.

வயர்லெஸ்ஸில் மூச்சு மட்டும் முதலில் கேட்டது. "நங்கூரம் எதுலயோ மாட்டியிருக்கு. இப்போதைக்கு நிக்குது. எவ்வளவு நேரம்னு தெரியல."

"அசையாம இருங்க. வர்றாங்க."

படகுத்துறையின் ஈரப் பலகைகளில் மூவரும் ஓடினார்கள். முன்பே முடுக்கி வைத்திருந்த படகு இன்ஜின் உறுமிக்கொண்டு நின்றது. கப்பல் உள்ளே குதித்துத் திரும்பிக் கை நீட்டினார்.

"அண்ணே, அது என்ன கேட்டாலும்..."

"வாயைத் திறக்க மாட்டேன் தாயே."

அவள் பெட்டியைக் கொடுத்தாள். கட்டைவிரல்கள் இரண்டையும் பொத்தான்களுக்கு எட்டாமல் விலக்கிப் பிடித்தபடி, கப்பல் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.