நிறம் மாறும் தகட்டோடு திருத்தணி மலை ஏறினோம்

இந்தச் சித்திரையில் நானும் என் கணவர் சேகரும் திருத்தணி போய் வந்தோம். கொளுத்தும் வெயிலில் மலைக்கோயிலா என்று கேட்பீர்கள். வேண்டுதல் அவருடையது, மாதமும் அவர் குறித்ததுதான். எனக்கு இருந்த கவலை அவருடைய கால்.

அவருக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்து நான்கு வருடமாகிறது. போன கோடையில் வேறொரு கோயிலில் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றினார். குதிகாலில் கொப்புளம் இருப்பதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம். புண் ஆற மூன்று மாதம் ஆனது. அப்போதும், "எனக்குக் கால்ல எல்லாம் தெரியுது" என்பதை மட்டும் அவர் விடவில்லை.

நான் ஒரு பெயின்ட் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சூட்டுக்கு நிறம் மாறும் பூச்சு எங்கள் மேசையில் தினமும் புழங்கும் சரக்கு. நான் எடுத்துக்கொண்டது நாற்பத்து மூன்று டிகிரி வரை நீலமாக இருக்கும். அதைத் தாண்டினால் நீலம் மறைந்து அடியில் பூசிய வெள்ளை தெரியும். ஆறினால் மறுபடி நீலம். கால் வைக்கும் கல் சுடுகிறதா என்று பார்க்க, உள்ளங்கை அளவு மெல்லிய அலுமினியத் தகட்டில் அதைப் பூசி, வெயிலில் சாயம் வெளுக்காமலிருக்க ஒரு மேல்பூச்சும் கொடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தடித்த காலுறை போட்டுக்கொண்டு காலையிலேயே போய் வாருங்கள் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

திருவள்ளூரில் காலை ஐந்தேகால் ரயில். மணவூர் தாண்டும்போது விடிந்துவிட்டது. ஆறரைக்குத் திருத்தணி. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரரிடம் அடிவாரம் வருவாரா என்று கேட்டேன்.

"ஆங், ஏறுங்க. அறுபது குடுங்க. மேலயே கொண்டாந்து உட்டா இருநூறு."

"படி ஏறணும்பா," என்றார் சேகர்.

முந்நூற்று அறுபத்தைந்து படிகள். நிதானமாக ஏறினால் நாற்பது நிமிடம். வெயில் விழுந்த முதல் படியில் தகட்டை வைத்தேன். சிறிது நேரத்தில் வெளுத்துவிட்டது. கையால் தொட்டால் கல் குளிர்ச்சியாக இருந்தது.

"உன் தகடு பொய் சொல்லுது கலா," என்று சேகர் சிரித்தார். சுற்றி இருந்தவர்கள் பார்ப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

தப்பு என்னுடையது. வெயில் நேராகத் தகட்டின்மேல் விழுந்து அதையே சுட வைத்திருந்தது. குடையை விரித்து நிழலில் வைத்துப் பத்து எண்ணினேன். நீலம். அதன்பின் மேலே போகும்வரை நீலம்தான்.

அன்று நிறைய கல்யாண வீட்டுக்காரர்கள். தரிசனம் முடியப் பதினொன்றாகிவிட்டது. பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் சேகரைக் காணவில்லை. கொஞ்ச தூரத்தில், நிழலே இல்லாத கல்தரையில் நின்று கீழே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலுறை இரண்டும் கையில். சாமி முன்னால் அதோடு நிற்க மனம் வரவில்லையாம்.

மற்றவர்கள் அந்த இடத்தைக் குதித்துக் குதித்துக் கடந்துகொண்டிருந்தார்கள். அவர் மட்டும் அசையாமல் நின்றார்.

"நிழலுக்கு வாங்க."

"ஒன்னும் சுடல."

அவர் காலடியில் தகட்டை வைத்துக் குடையைப் பிடித்தேன். மூன்று எண்ணுவதற்குள் நீலம் முழுக்கப் போய்விட்டது. அவர் அந்த வெள்ளையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண் தன் சாக்கு நிழலிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, அங்க ஏன் நின்னுகினு கீறீங்க? இப்பிடி வந்து குந்துங்க," என்றாள். குடத்துத் தண்ணீரை அவர் பாதத்தில் மெதுவாக ஊற்றினாள். திருப்பிப் பார்த்தோம். நல்ல சிவப்பு. கொப்புளம் இல்லை.

"எனக்குத் தெரியவே இல்ல கலா," என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க மாமாக்கும் இப்பிடித்தாங்க," என்றாள் அந்தப் பெண். "கே.ஜி.கண்டிகைல வீடு. வெயில்ல களத்துமேட்ல நடப்பாரு, அப்பறம் கால் புண்ணாயிட்சின்னு உக்காந்துகினு இருப்பாரு. அந்தத் தகடு எங்க விக்கிது?"

சேகர் என்னைக் கேட்கவே இல்லை. தகட்டை அவள் கையில் கொடுத்தார். "நிழல்ல வச்சி பத்து எண்ணணும்மா. வெயில்ல வச்சா ஏமாத்திடும்," என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆள் மாதிரி விளக்கினார். காலையில் கூச்சப்பட்ட அதே மனிதர்தான்.

ஆட்டோவில் மலை இறங்கினோம். வீடு சேர மூன்று மணி.

போகிறவர்களுக்கு: கோடையில் எட்டரைக்குள் கீழே இறங்கிவிடுங்கள், முகூர்த்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். காலுறையோடு போன எங்களை யாரும் தடுக்கவில்லை, கேட்டுக்கொண்டு போங்கள். திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். என் தகடு நன்றாகவே வேலை செய்கிறது, தாராளமாகச் சொல்வேன். ஆனால் அது கல்லின் சூட்டைத்தான் சொல்லும், காலின் நிலையைச் சொல்லாது. அதற்கு டாக்டர்தான்.

அன்று சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். முன்னறையில் சேகர் டாக்டரோடு ஃபோனில் பேசுவது கேட்டது. "எனக்குக் கால்ல சூடே தெரியறதில்லைங்க," என்றார். நான்கு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.