நினைவு இல்லை என்று எழுதியவன்

சென்ற மாதம் குன்னூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு இப்படிக் கூட்டங்களுக்குப் போவது பழக்கமாகிவிட்டது. டீயும் பிஸ்கட்டும் தருகிறார்கள், பொழுதும் போகிறது. அன்று பேசியவர் ஒரு பேராசிரியர். பிரக்ஞை என்றால் என்ன என்பது தலைப்பு. ஒரு மணி நேரம் பேசினார். விழிப்பு என்றார், உணர்வு என்றார், சுயநினைவு என்றார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இதுவும் போதாது, அதுவும் போதாது என்றார். இன்னொருவருக்குள் அது இருக்கிறதா இல்லையா என்று வெளியே நின்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அதை அறுதியிட்டுச் சொல்ல எனக்கு இரண்டே நிமிடம்தான் ஆகியிருந்தது. எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நெல்லியாளம் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் கம்பவுண்டராக இருந்தேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி என்று பெயர்தான் பெரிது. ஆறு கட்டில், ஒரு மருந்து அலமாரி, நான், வார்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாம்மா. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் ஜீப்பில் வருவார். மற்ற நாட்களில் நானே டாக்டர் என்று எனக்கொரு நினைப்பு. சின்னக் காயங்களுக்குத் தையல் போட டாக்டர் கற்றுக் கொடுத்திருந்தார். என் தையல் அவர் தையலைவிட நேராக இருக்கும். அதில் எனக்குத் தலைகால் புரியாத கர்வம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் சின்னக் குழந்தையைக்கூட ‘வாங்க, போங்க’ என்போம் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். எஸ்டேட்டுக்கு வந்த ஆறே மாதத்தில் லைன் வீடுகளில் குடியிருந்த தோட்டத் தொழிலாளிகளிடம் எனக்கு அந்த ‘ங்க’ உதிர்ந்து போயிருந்தது. உதிர்ந்தது எனக்கே தெரியவில்லை.

விபத்து நடந்தால் நிரப்புவதற்கு ஒரு ரெஜிஸ்டர் இருந்தது. பெயர், எண், காயம், நேரம் என்று வரிசையாகக் கட்டங்கள். ஏழாவது கட்டத்தில் ‘நினைவு: உண்டு / இல்லை’ என்று அச்சடித்திருக்கும். பொருந்தாததை அடித்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே எழுத இடம் கிடையாது.

ஜூன் மாதம் பெருமழை பிடிப்பதற்கு முன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள். அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. நனைந்த மரத்தில் ஏறியவர் வெட்டிய கிளை, சொன்ன பக்கம் விழாமல், கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண் மேல் விழுந்துவிட்டது. காலை பத்து மணி இருக்கும். கம்பளியில் போட்டு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். முப்பது வயதிருக்கும். செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு அப்படியே இருந்தது. தலையில் காதுக்கு மேலே நீளமாகப் பிளந்திருந்தது. சிலோனிலிருந்து கப்பலில் திரும்பி வந்த குடும்பம் என்று தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள். ஆபீஸிலிருந்து கிளார்க் ஒரு துண்டுச் சீட்டில் அவள் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தார்.

மூச்சு பேச்சில்லாமல் கிடந்தாள் என்று சொல்வோமே, அப்படி இல்லை. மூச்சு சீராகத்தான் இருந்தது. பேச்சுதான் இல்லை. காதருகே குனிந்து சீட்டில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் சத்தமாக. அசைவில்லை. காது மடலைக் கிள்ளினேன். அசைவில்லை. பேனாவை எடுத்து ஏழாவது கட்டத்தில் ‘உண்டு’ என்பதை அடித்தேன்.

அலமாரியில் மரத்துப்போக வைக்கும் மருந்து ஒரே ஒரு குப்பிதான் மிச்சம். மண் சரிந்து கூடலூர் ரோடு அடைத்துக் கிடந்தது. அடுத்த மருந்து எப்போது வருமோ தெரியாது. நினைவில்லாதவளுக்கு அது எதற்கு என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். ஆயாம்மா குப்பியை எடுத்து நீட்டியபோது, “உள்ளே வை, வலி தெரியறவங்களுக்கு ஆகும்” என்று வாயாலேயே சொன்னேன். ஊசியைக் கோத்து, வெறும் தோலில் தையல் போட ஆரம்பித்தேன்.

மூன்றாவது தையலில் ஆயாம்மா, “ஐயா, கால் வெரலு மடங்குதுங்க” என்றாள்.

“அது தானா நடக்கறது. செத்த தவளைக்குக்கூடக் கால் உதறும். பள்ளிக்கூடத்துல அறுத்துப் பாத்திருக்கோம்” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “கண்ணுல தண்ணி வருதுங்க” என்றாள்.

“மழையில நனைஞ்சு வந்தவளுக்குத் தண்ணி வராம என்ன வரும்? விளக்கை ஒழுங்காப் பிடி” என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். ஐந்தாவது தையல் கோணிப் போயிற்று. அழகாக இல்லை என்று அதை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டேன்.

முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஃபேக்டரியிலிருந்து அவள் புருஷன் ஓடி வந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. நேராகக் கட்டிலுக்குப் போய் மண்டியிட்டு அவள் காதில் மெல்ல ஒரு பெயரைச் சொன்னான். சீட்டில் இருந்த பெயர் இல்லை. அவள் உடனே “ம்” என்றாள். கண்ணும் திறந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இது என்ன இன்னொரு பெயர் என்று அவனை வெளியே கூட்டிப்போய் அதட்டினேன். அவன் நடுங்கிக்கொண்டே சொன்னான். கப்பலுக்குக் காகிதம் கிடைத்தது அவளுடைய அக்காவின் பெயரில். புறப்படும் முன் அக்கா காய்ச்சலில் செத்துப்போனாள். தங்கைக்குக் காகிதம் வரவில்லை. அக்காவின் காகிதத்தில் தங்கை ஏறி வந்துவிட்டாள். வேலை, வீடு எல்லாம் அந்தப் பெயரில்தான். “தெரிஞ்சா எங்களை வெளிய போட்டுருவாங்க ஐயா. ஒங்க காலப் புடிக்கிறேன்” என்று குனிந்தான். சொல்ல மாட்டேன் என்றேன். பெரிய மனது பண்ணியதாக எனக்கு அன்று முழுக்க ஒரு திருப்தி.

ரெஜிஸ்டர் மேஜையில் திறந்தே கிடந்தது. ஏழாவது கட்டத்தை நான் திருத்தவில்லை.

எட்டாம் நாள் தையல் பிரிக்க வந்தாள். அன்று டாக்டர் வருகிற நாள். முதலில் காயத்தை அவர் பார்த்தார். “நல்ல கைய்யா உனக்கு” என்று என் முதுகில் தட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். நான் கத்தரியை எடுத்தேன். அவள் குனிந்தபடியே தாழ்ந்த குரலில், “ஒம்போது தையலுங்க ஐயா” என்றாள்.

யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து முதல் தையலை வெட்டினேன்.

“அஞ்சாவதைப் போட்டுட்டு அவுத்துட்டீங்க. மறுபடி போட்டீங்க. அதையும் சேத்தா பத்துங்க.”

கத்தரியைக் கீழே வைத்தேன். அவள் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்பது போலத்தான் சொன்னாள். “நீங்க கூப்பிட்டது கேட்டிச்சிங்க. அக்காவைக் கூப்பிடுறாங்கன்னு நெனைச்சேன். அக்காதான் செத்துப்போச்சே, ஏன் கூப்பிடுறாங்கன்னு கெடந்தேன். பொறவு ஊசி ஏறிச்சி. கத்தப் பாத்தேன், வாய் வரல. கைய அசைக்கப் பாத்தேன், வரல. கால் வெரலு மட்டுந்தான் வந்திச்சி. அதை ஆட்டிக்கிட்டே இருந்தேன். நீங்க தவளைன்னு சொன்னீங்க.”

பக்கத்து அறையில் டாக்டர் இருமுகிற சத்தம் கேட்டது. அவர் காதில் இது விழுந்தால் என் பிழைப்பு போயிற்று என்பது ஒன்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. அவள் வலி தோன்றவில்லை. அந்தப் பத்து முறையும் விரலை ஆட்டிக்கொண்டு கிடந்தாளே, அது தோன்றவில்லை.

“நீ நினைவில்லாம கிடந்தே. ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கு” என்றேன். “கனவு ஏதாச்சும் கண்டிருப்பே.”

“இல்லீங்க ஐயா, நான்...”

“பாரு, இதை வெளியே சொல்லிட்டுத் திரிஞ்சீன்னா, எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க, ஏன் பதில் சொல்லலைன்னு ஆபீஸ்ல கேப்பாங்க. அப்பறம் உன்ற அக்கா பேரும் வெளிய வரும். பாத்துக்க.”

குரலை உயர்த்தாமல் சொன்னேன். அவள் நிமிர்ந்து ஒரு தரம் என் முகத்தைப் பார்த்தாள். “சரிங்க ஐயா. நெனவு இல்லைங்க” என்றாள். நான் மீதித் தையலைப் பிரித்தேன். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது. முதல் நாள் நான் செய்ததை அறியாமை என்று யாராவது மன்னிக்கலாம். எட்டாம் நாள் அவளுக்குள் எல்லாம் இருந்தது என்று நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அவள் வாயாலேயே இல்லை என்று சொல்ல வைத்தேன்.

அதற்குப் பிறகு காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்கு எதிரே, ரேஷன் எடுக்கும் இடத்தில் என்று பல தடவை அவளைப் பார்த்தேன். நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். மென்று விழுங்கிவிடுவேன். கம்பவுண்டர் ஐயா போய்க் கொழுந்து எடுக்கிறவளிடம் மன்னிப்புக் கேட்பதா என்று எனக்குள்ளேயே ஒருவன் கேட்பான். அவனுக்கு நான் எப்போதும் பணிந்து போனேன்.

தை மாதக் குளிரில் ஒரு நாள் அவளே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி பட்டு இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு கீறல். தையல் தேவையில்லை, மருந்து வைத்துத் துணி சுற்றினால் போதும். உட்காரச் சொன்னேன். உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். ஐயா, இன்னைக்குப் பனி ரொம்பங்க. எங்க லைன்ல பைப்புத் தண்ணில கைய வைக்க முடியலைங்க. கோழி ஒண்ணு வளக்கிறேங்க, நேத்துல இருந்து முட்டை வைக்குதுங்க. நான் பஞ்சை எடுத்தேன், அவள் பேசினாள். ஸ்பிரிட் பட்டு விரல் எரிந்திருக்க வேண்டும், குரல் ஒரு நொடி உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

எனக்கு எரிச்சல் வந்தது. “இந்தச் சின்னக் காயத்துக்கு எதுக்கு இத்தனை பேச்சு? கொஞ்சம் சும்மா இரேன்” என்றேன்.

அவள் பயந்துபோய் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். “கோவிச்சிக்காதீங்க ஐயா” என்றாள். பேசுவதை சிலோனிலிருந்து வந்தவர்கள் கதைப்பது என்பார்கள். “நான் கதைச்சிக்கிட்டே இருக்கேங்க. நெனவு இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியட்டும்.”

பஞ்சு என் கையில் இருந்தது. “கதைங்க” என்றேன். அந்த எஸ்டேட்டில் அவளிடம் நான் மரியாதையாகச் சொன்ன ஒரே சொல் அதுதான். அவள் விரலை மறுபடி நீட்டினாள். துணி சுற்றி முடிச்சுப் போடும் வரைக்கும் கோழியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாள்.