டின்னில் இருந்த ஏழாவது சீட்டு

போன வெள்ளிக்கிழமை காலை விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தபோது தனலட்சுமி அக்காவின் தங்கை போன் செய்தார். "அக்கா போயிருச்சுங்க. தூங்குனது எந்திரிக்கவே இல்லீங்க." அன்று விளக்கை ஏற்றினேனா என்று நினைவில்லை.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் அந்த நர்ஸ் அக்காவைத் தெரியாத வீடு குறைவு. ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து, வயதுக்கு வருவது, மீசை முளைப்பது, மனசு தடுமாறுவது எல்லாம் பேசுவார். பையன்களும் பெண்களும் ஒன்றாக.

எனக்கு அது பொறுக்கவில்லை. வகுப்பு நிற்க வேண்டுமென்று ஆனைமலை போய் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்து வேண்டிவிட்டு வந்தேன். சில மாதம் கழித்து என் மகள் பெரியவளானாள். நான்தான் பதறினேன். அவள், "தேதியக் குறிச்சு வெய்யுங்கம்மா, நர்ஸக்கா வகுப்புல சொல்லியிருக்காங்க" என்றாள். மறுநாளே அக்காவிடம் போய் மிளகாய் அரைத்ததை ஒப்புக்கொண்டேன்.

"காரம் பத்தலீங்களாட்ட இருக்குதுங்க, அம்மணி. இன்னும் நாலு மொளகா சேத்து அரைச்சிருக்கோணும்" என்றார்.

வீட்டுக் கணக்கை ஒரு நாள் விடாமல் எழுதுகிறவள் என்று தெரிந்ததும் எனக்கொரு வேலை கொடுத்தார். பிள்ளைகள் பெயர் போடாமல் கேள்வி எழுதி ஒரு முறுக்கு டின்னில் போடுவார்கள். அவற்றை நம்பர் போட்டு என் எழுத்தில் நோட்டில் எழுதி, சீட்டைக் கிழித்துவிட வேண்டும். நோட்டு மட்டும் அவரிடம் போகும். "எழுத்தப் பாத்து ஆளத் தேடப்படாதுங்க. தேடுனா அடுத்த வாரம் டின்னு காலியாத்தான் வரும்." ஒருமுறை, "இது டெய்லர் ஊட்டுப் புள்ள எழுத்துங்க்கா" என்று வாய் தவறினேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கடைசி வகுப்பின் டின்னும் நோட்டும் என்னிடமே தங்கிவிட்டன. டின்னை நேற்றுதான் திறந்தேன். ஏழாவது சீட்டில், "வேண்டாம்னு சொன்னா அவன் கோவிச்சுக்குவான். பயமா இருக்கு" என்றிருந்தது. எனக்குத் தெரிந்த எழுத்து. யாருடையது என்று இங்கேயும் எழுத மாட்டேன். "யாரு கண்ணு அவன்?" என்று கேட்க நாக்கு நுனி வரை வருகிறது. பூஜையில் உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். அடுப்படிக்குப் போகிறேன், திரும்புகிறேன். கேட்டால் டின் காலியாகிவிடும்.

முன்பு ஒரு பிள்ளைக்கு அக்கா எழுதி வைத்த பதில் நோட்டில் இருக்கிறது: "கோவிச்சா கோவிச்சுட்டுப் போறான் கண்ணு. வேண்டாம்ங்கறதக் கேட்டுக்கறவந்தான் பிரியமா இருக்கறவன். பயமா இருந்தா என்கிட்ட வா, கூடவே நிக்கறேன்."

நாளை நூலகத்தில் அதை நான் வாசிப்பேன், எந்த முகத்தையும் தேடாமல். வகுப்பு முடிந்த பிறகும் அங்கேயே இருப்பேன். இனி பதில் சொல்வதும் நான்தான் என்பதால் சீட்டுகளைப் பார்க்க வேறு கண் வேண்டும். அக்காவை அறிந்தவர்களில், எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் எழுத்தை அறியாத யாராவது வந்து டின்னை வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டை நான் வைத்துக்கொள்கிறேன்.

ஏழாவது சீட்டைக் கிழித்துவிட்டேன், அக்கா. எழுத்துதான் இன்னும் மறக்கவில்லை.