முதல் சாய்ஸ் கோயம்புத்தூர்

பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்க வழிகாட்டும் தொழிலில் பிள்ளைகளால் ஒரு தொல்லையும் கிடையாது. பெற்றவர்களைத்தான் சமாளிக்க முடியாது. வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இருந்தால், நான் சொல்வது உங்களுக்கே தெரியும்.

சென்னை மந்தைவெளியில் என் வீட்டு முன்னறைதான் அலுவலகம். பொறியியல் கலந்தாய்வு இப்போது முழுக்கக் கம்ப்யூட்டரில். விரும்பும் கல்லூரிகளை வரிசையாகப் பட்டியல் போட்டு ‘லாக்’ செய்ய வேண்டும். மதிப்பெண்ணுக்கு எட்டுகிறவற்றில் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ, அது கிடைக்கும். லாக் செய்துவிட்டால் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. அதனால் வருகிறவர்களிடம் இரண்டே விதி சொல்வேன். படிப்பைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள், தூரத்தைப் பார்க்காதீர்கள். லாக் செய்யும் முன் பட்டியலைப் பிள்ளை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

ஆட்டோ போகும் தூரம்

ராயப்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் சேகர், மகள் பவித்ராவோடு வந்தார். அவள் வாங்கியிருந்த மதிப்பெண்ணுக்குக் கோவையில் நல்ல கல்லூரியே கிடைக்கும். ஆனால் அப்பா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவந்த பட்டியலில் ஒரு கல்லூரிகூடத் தாம்பரத்தைத் தாண்டவில்லை. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருப்பது முதலாவது, அதற்கடுத்த தூரத்தில் இருப்பது இரண்டாவது. “இது காலேஜ் லிஸ்டா, சவாரி லிஸ்டா?” என்று வள்ளென்று விழுந்தேன்.

தலையைச் சொறிந்தார். எல்.கே.ஜி.யிலிருந்து ஒரு நாள் தவறாமல் மகளைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டு அழைத்துவந்தவர் அவர்தான். பவித்ரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கோயமுத்தூரையே மேல போடுங்க மேடம். நம்ம வண்டி அம்மாந்தூரம் போவாது, அதான் ஒரு மாதிரியா கீது.”

ராகு காலம் முடிந்து

அடுத்தவர் தெற்கு மாட வீதி மாமி. அன்று செவ்வாய்க்கிழமை. மாலை ஐந்து மணியோடு லாக் செய்யும் நேரம் முடிகிறது. மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம் என்று மாமி மகன் கார்த்திக்கை மவுஸைத் தொடவே விடவில்லை. ஊரில் எல்லா அம்மாக்களும் நாலரைக்குத்தான் விட்டார்களோ என்னவோ, சர்வர் படுத்துவிட்டது. நாலே முக்காலுக்கு எழுந்தது.

கார்த்திக் வாய்விட்டுப் படித்தான். முதல் பதினான்கும் சென்னை. அவன் ஆசைப்பட்ட திருச்சிக் கல்லூரி பதினைந்தாவதாக வந்தது. “யார் இறக்கினது?” என்றேன். பையன் அம்மாவைப் பார்த்தான். படிக்கப்போவது அவனா நீங்களா என்று மாமியிடம் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

“பெரியவன் அமெரிக்கா போயாச்சு. இவனாவது சனிக்கிழமை சனிக்கிழமை நம்மாத்துல எண்ணெய் தேச்சுண்டு குளிக்கட்டுமேன்னு நெனச்சேன். சரி, மேல ஏத்துங்கோ.”

நான் செய்த காரியம்

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே வருடம்தான் என் மகள் நந்தினிக்கும் கலந்தாய்வு. அவள் அப்பா காலமான பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க ஆசை. அதனால் கோவை முதலாவது, சென்னையில் கம்ப்யூட்டர் பிரிவு இரண்டாவது. அவள் மதிப்பெண்ணுக்கு இரண்டுமே எட்டும்.

லாக் செய்ய வேண்டிய அன்று காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். லேப்டாப் திறந்திருந்தது. என் கை போய் இரண்டாவதை முதலாவதாக்கிவிட்டது. கை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், செய்தது நான்தான். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்புறம் ஒன்றும் தெரியாதவள் போல அடுப்படிக்குப் போய்த் தோசை வார்த்தேன்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். “மேடத்தோட ரெண்டாவது விதி” என்று சிரித்துவிட்டு வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். “ஒண்ணு, சென்னை…” அதோடு நின்றுவிட்டாள். தோசை கருகிக்கொண்டிருந்தது, நான் திரும்பவே இல்லை. கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவளோ வந்து அடுப்பை அணைத்துவிட்டு லேப்டாப்பை என் கையில் கொடுத்தாள்.

“நீயே மாத்தும்மா. நான் மாத்தினா, உன்னை விட்டுட்டுப் போன மாதிரி இருக்கும். நீ மாத்தினா, நீ அனுப்பிவச்ச மாதிரி இருக்கும்.”

சென்ட்ரல்

மாற்றினேன். கோவையே கிடைத்தது. இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். நான் இன்னும் இரண்டு பேருக்குத்தான் மாவு அரைக்கிறேன். அளவைக் குறைக்க மனசு வரவில்லை. அவளைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, தினமும். போனில் அதைத் தவிர மற்றதெல்லாம் பேசுகிறேன்.

போன தீபாவளிக்கு அவள் வருகிற அன்று காலை வாசலில் ஹாரன் சத்தம். சேகர். பவித்ராவும் அவளோடு அதே ரயிலில் வருகிறாளாம். ரயில் மத்தியானம்தான் வரும். மணி அப்போது பத்துகூட ஆகவில்லை. இவ்வளவு சீக்கிரம் போய் என்ன செய்வது என்று கேட்டேன், புடவை மாற்றிச் செருப்பும் போட்டுத் தயாராக நின்றுகொண்டு. அவர் பின்சீட்டைத் துணியால் துடைத்துவிட்டுச் சொன்னார்:

“குந்துங்க மேடம். நம்ம வண்டி கோயமுத்தூர்தான் போவாது, சென்ட்ரல் வரிக்கும் போவும்ல?”

தூரத்தைப் பார்க்காதீர்கள் என்று வருகிற பெற்றோரிடமெல்லாம் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறேன், முதுகுக்குப் பின்னால் சுவரில் கோவை ரயில்களின் நேரத்தை ஒட்டிவைத்துக்கொண்டு.