கணக்கில் வராத மூக்கு

தம்பி எனக்கு வைத்த பெயர் ஜோசியக்காரி. ஒரு பொருள் மூலப்பொருளாக மண்ணிலிருந்து வெளியே வந்ததில் தொடங்கி, தொழிற்சாலை, லாரி, வீடு என்று போய், கடைசியில் குப்பையில் விழும்வரை காற்றையும் நீரையும் எவ்வளவு கெடுக்கிறது என்று கணக்கிடுவது என் வேலை. "பிளாஸ்டிக்குக்கு ஜாதகம் எழுத ஏசி ரூமு, அதுக்கு ஒரு சம்பளம்!" என்பான். வளைகுடாவில், ரோலா என்ற பகுதியில் நானும் கணவரும் இருந்த ஃப்ளாட்டுக்கு வெள்ளிக்கிழமைதோறும் தொழிலாளர் கேம்பிலிருந்து பஸ் பிடித்து வருவான். என் சோற்றைத் தின்றுகொண்டே என்னைக் கிண்டல் செய்வான்.

நானும் சும்மா விடமாட்டேன். குடிதண்ணீர் கம்பெனி ஒன்றில் திரும்பி வரும் காலிக் கேன்களை மோந்து பார்ப்பது அவன் வேலை. தண்ணீர் தீர்ந்த கேனை இந்த ஊரில் யாரும் சும்மா வைத்திருப்பதில்லை. பேச்சுலர் ரூமில் ஃபினாயில் கலந்து வைப்பார்கள், கட்டட சைட்டில் பெயின்ட் கரைக்கும் தின்னரோ டீசலோ பிடித்து வைப்பார்கள். பிறகு அலசிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி வண்டிக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பார்வைக்குக் கேன் பளிச்சென்று இருக்கும். ஆனால் பிளாஸ்டிக்கில் ஊறிப்போன தின்னர் எவ்வளவு கழுவினாலும் போகாது. அதை மூக்குதான் கண்டுபிடிக்க வேண்டும், நாறுகிற கேனை ஒதுக்கி உடைத்துவிட வேண்டும். "ஊரான் வீட்டு நாத்தத்தையெல்லாம் மோந்துட்டு வந்து என்னைப் பேசுறியாடா?" என்று திருப்பிக் கொடுப்பேன்.

அந்தக் கம்பெனியே ஒருநாள் எங்கள் ஆபீஸுக்கு வந்தது. பெரிய ஹோட்டல்களுக்குத் தண்ணீர் விற்க அவர்களுக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீடு தேவைப்பட்டது. தம்பி அங்கே வேலை பார்ப்பதை முதலிலேயே என் மேனேஜரிடம் சொன்னேன். "அவர் என்ன முதலாளியா?" என்று சிரித்துவிட்டு வேலையை என்னிடமே தந்தார்.

இந்தக் கணக்கில் முக்கியமானது, ஒரு கேன் உடைபடும் முன் எத்தனை தடவை சுற்றி வருகிறது என்பதுதான். அதிகம் சுற்றினால் புதுக் கேன் குறைவாகச் செய்தால் போதும், கெடுதலும் குறையும். பிளான்ட்டிலிருந்து வந்த விவரத்தில், குளிர்காலத்துக்குப் பிறகு ஒதுக்கப்பட்ட கேன்கள் சட்டென்று குறைந்திருந்தன. கழுவும் மருந்தை மாற்றியிருக்கிறோம், அதனால்தான் என்று பிளான்ட் மேனேஜர் பெருமையாகச் சொன்னார். எனக்கும் நம்பப் பிடித்திருந்தது. இந்தத் தொழிலில் நல்ல செய்தி அடிக்கடி கிடைப்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தம்பியிடம் இதைச் சொன்னேன். "பரவாயில்லடா, உங்க ஆளுங்க உருப்படியா ஏதோ பண்ணியிருக்காங்க." அவன் கிண்டலடிக்கவில்லை. போனைப் பார்த்தபடி "ம்" என்றான். அடுப்பில் கருவாடு வறுபட்டுக்கொண்டிருந்தது. ரோலாவில் கருவாடு வறுத்தால் எதிர் ஃப்ளாட்டுக்காரர்கள் கதவைப் படாரென்று சாத்துவார்கள். பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

குளியலறைக்குள் இருந்த எனக்கே தீய்ந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஓடிவந்தால், அடுப்புக்கு அருகிலேயே ஸ்டூலில் அவன் உட்கார்ந்திருக்கிறான். முதுகுக்குப் பின்னால் சட்டி புகைகிறது. அவன் நிம்மதியாகப் போனைத் தடவிக்கொண்டிருக்கிறான்.

"மூக்கை எங்கடா அடகு வச்ச?" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தான், புகையைக் கண்டான், அடுப்பை அணைத்தான். அப்புறம் அழுதுவிட்டான்.

குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்ததாம். காய்ச்சல் போனது, அதோடு வாசனையும் போய்விட்டது. "வந்துரும் வந்துரும்னு பாத்தேன்க்கா. பக்கத்துல ஒரு நேப்பாளி பாய் நின்னான், அவனை மோந்து பாக்கச் சொல்லுவேன். அவன் லீவுல போயிட்டான். இப்ப வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு விட்டுர்றேன்."

கழுவும் மருந்துமில்லை, ஒரு மண்ணுமில்லை. நான் மகிழ்ந்துபோன அந்த நல்ல செய்தி என் தம்பியின் செத்துப்போன மூக்கு.

"யாராச்சும் குடிப்பாங்களேடா!"

"தெரியும்க்கா. சொன்னா கலாஸ், வேலை முடிஞ்சுது. ஊருக்கு டிக்கெட் போட்டு அனுப்பிருவாங்க. அங்க பொண்டாட்டிக்கு வளைகாப்பு முடிஞ்சு பத்து நாள்கூட ஆகல."

என் கை தன்னால் மூலையில் இருந்த கேனுக்குப் போனது. அவர்கள் கம்பெனித் தண்ணீர்தான், அவனே சொல்லி ஏற்பாடு செய்தது. ஒரு டம்ளர் பிடித்தேன். குடிப்பதற்கு முன் மூக்கருகே கொண்டுபோனேன். நாற்றம் எதுவும் இல்லை. ஆனால் நான் மோந்ததை அவன் பார்த்துவிட்டான்.

"நீயே மோந்துட்டுத்தான் குடிக்கிற," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "நானே சொல்லிர்றேன்க்கா. நீ சொல்ல வேணாம்."

சொன்னான். கிடங்கில் இருந்த கேன்களையெல்லாம் மறுபடி மோந்து பார்த்தார்கள். அவனைத் திட்டித் தீர்த்து, லாரியில் கேன் ஏற்றப் போட்டார்கள். அவனுடைய வேலை ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்காமல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அந்த மாதங்களின் விவரத்தை எடுத்துவிட்டுக் கணக்கை முதலிலிருந்து போட்டேன். பிளான்ட்டில் மோப்பம் பிடிக்கிற மெஷின் ஒன்றை வாங்கினார்கள். அது தின்னும் கரண்ட்டை நான் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. தம்பி நின்ற காலத்துக்கு அந்த இடத்தில் எதுவும் சேர்த்ததில்லை. மனிதர்களின் உழைப்பு மதிப்பீட்டின் எல்லைக்குள் வராது என்பது எங்கள் தொழிலின் வழக்கம். எத்தனையோ முறை யோசிக்காமல் அப்படிச் செய்திருக்கிறேன். இந்த முறை மெஷினின் கரண்ட்டைச் சேர்க்கும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மாதங்கள் கழித்து ஊரிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டான். மடியில் மகள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டியிருந்தார்கள். புகை இன்னும் அறைக்குள் சுற்றுவது எனக்கே தெரிந்தது.

"டாக்டர் என்னடா சொன்னாரு?"

"சிலருக்குத் திரும்ப வருமாம், சிலருக்கு வராதாம்." குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து நன்றாக இழுத்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"எல்லாரும் பால் வாசனை, பால் வாசனைங்கிறாங்கக்கா. எப்படி இருக்கும்? நீ சொல்லேன்."

நான் இன்னும் அந்தக் குழந்தையைத் தூக்கியதில்லை. தெரிந்தமாதிரி ஏதோ சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.